ஹாம்பர்க்கில் கேட்ட ஒரே கேள்வி: "உங்களுக்கு வேறு எத்தனை கிளையன்ட்?"

தண்டையார்பேட்டைக்காரன்:

வயது 46, டிப்ளமோ சிவில். வேலை ஸ்டீல் டீட்டெயிலிங். கட்டடத்தின் இரும்புச் சட்டத்தை டெக்லா என்ற சாஃப்ட்வேரில் மாடல் செய்து, எந்த பீமில் எங்கே ஓட்டை, எத்தனை போல்ட், வெல்டு என்ன அளவு என்று பட்டறைக்கு ஷாப் டிராயிங் போட்டுக் கொடுப்பேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் 14 வருடம் இருந்துவிட்டு 2017ல் வெளியே வந்தேன். அதிலிருந்து ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் ஒரு ஃபேப்ரிகேட்டருக்கு (இரும்புச் சட்டம் செய்கிற பட்டறை) மட்டும்தான் வேலை. டன் கணக்கில் ரேட், மாதம் ஒரு இன்வாய்ஸ்.

இங்கிருந்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அதைக் கெடுத்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், 4 நாள் கரன்ட் இல்லை, போனில் டவரும் இல்லை. யுபிஎஸ் முதல் நாள் மத்தியானமே படுத்துவிட்டது. சிபியுவைக் குப்பைக் கவரில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தேன். மச்சினன் வீட்டில் போய் உட்கார்ந்து டிராயிங்கை அனுப்பியபோது இரண்டு நாள் தாமதம். புராஜெக்ட் மேனேஜர் கோபப்படவில்லை. "நீங்கள் இங்கேயே வந்துவிடலாமே" என்றார்.

2024 ஜூனில் பிசினஸ் விசாவில் ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்பே ஆற்றோரம் மீன் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். வண்டியில் நின்று ஒருவர் கத்திக் கத்தி ஏலம் போட்டார். காசிமேட்டில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் போதும், அங்கேயே மனசு பாதி போய்விட்டது. (மீன் நம்மூர் அளவுக்கு ஃப்ரெஷ் இல்லை, அது வேறு விஷயம்.)

திங்கட்கிழமை ஆபீஸில் கணக்கு வழக்கு பார்க்கும் அம்மாளோடு உட்கார்ந்தோம். நான் காண்ட்ராக்டராகவே வருகிறேன், இதே ரேட் போதும் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு வேறு எத்தனை கிளையன்ட்?"

"நீங்கள் மட்டும்தான், மேடம்." விசுவாசத்தைக் காட்டுவதாக நினைத்துப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் புரிந்தது. ஒருவருக்கு மட்டும் வேலை செய்து, அவர் சொல்கிற நேரத்தில், அவர் சிஸ்டத்தில் உட்காருகிறவனை ஜெர்மனியில் காண்ட்ராக்டர் என்று எளிதில் நம்பமாட்டார்கள். 'ஷைன்ஸெல்ப்ஸ்டெண்டிஷ்கைட்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், போலிச் சுயதொழில் என்று அர்த்தம். ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பு அப்படித் தீர்மானித்துவிட்டால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் பல வருடத்துக்குச் சேர்த்து கம்பெனிதான் கட்ட வேண்டும். நான் தண்டையார்பேட்டையில் இருக்கும்வரை அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதே மனிதன், அதே வேலை, ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் வில்லங்கம்.

விசாவும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. சுயதொழில் அனுமதி அங்கே குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு அந்த ஊரிலேயே பல பேர் வேலை தருவதாகக் கடிதம் கொடுத்தால்தான் விண்ணப்பம் நிற்கும். 45 வயது தாண்டியவர் முதுமைக்குப் போதுமான ஏற்பாடும் காட்ட வேண்டும். எனக்கு பிஎஃப் 2017லேயே முடிந்த கதை. மெடிக்கல் இன்ஷூரன்ஸில் சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டுவார், சுயதொழில்காரன் முழுசாகத் தானே கட்ட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ஓஎம்ஆரில் ஒரு ஏஜென்ட்டிடம் 40,000 கொடுத்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, சம்பளத்துக்கே போகலாம் என்றால் ப்ளூ கார்டு என்கிற வேலை விசாவுக்கு டிகிரி வேண்டும். டிகிரி இல்லாமல் அனுபவத்தை வைத்துத் தப்பிக்கிற வழி ஐடிக்காரர்களுக்கு மட்டும்தான் உண்டு, இரும்புக்காரனுக்கு இல்லை. டிப்ளமோவும் அனுபவமும் இருந்தால் போதும் என்று 2024 மார்ச்சில் வேறொரு வழி திறந்தது. அதிலும் 45 தாண்டினால் சம்பள வரம்பு ஏறிவிடுகிறது. கம்பெனி யோசிக்கிறது.

பெரம்பூர் ஐசிஎஃப் வீட்டுப் பெண்:

அண்ணா, நான் துபாய் பக்கம் போய்த் திரும்பினவள். ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிற வேலை, கிளையன்ட்கள் மூன்று நாட்டில். மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டி ஒரு வருட ரிமோட் விசா எடுத்தேன். அங்கே தனிநபர் வருமான வரி இல்லை என்ற சந்தோஷத்தில் நவம்பரில் கிளம்பினேன். அந்த நிதியாண்டில் அதற்குள் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்தாகிவிட்டது. அந்த வருட வருமானம் முழுவதற்கும், துபாயில் உட்கார்ந்து சம்பாதித்ததற்கும் சேர்த்து, இங்கே வரி கட்டினேன். யாராவது கிளம்புவதாக இருந்தால் ஏப்ரல் காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். வாடகைக்கு 4 செக் முன்கூட்டியே கேட்டார்கள், அதற்கே சேமிப்பு கரைந்தது.

இன்னொன்று. வருமான வரியில் 44ஏடிஏ என்ற பிரிவின்படி வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி வரி கட்டி வந்தேன். திரும்பி வந்து அப்பாவுக்காக மாதவரத்தில் ஃப்ளாட் பார்த்தபோது, வங்கி மேலாளர் அந்தப் பாதியை வைத்துத்தான் கடன் கணக்குப் போட்டார். "சேலரி ஸ்லிப் இல்லையாம்மா?" என்று மூன்று முறை கேட்டார். அப்பா ஐசிஎஃப் பென்ஷன் புத்தகத்தைக் காட்டியதும் அவருக்கு டீ வந்தது. எனக்கு வரவில்லை.

திருவொற்றியூர் தேரடி:

நான் எங்கேயும் போகவில்லை, போகிற உத்தேசமும் இல்லை. அமெரிக்க கிளையன்ட் முதல் இன்வாய்ஸிலேயே வரி என்று 30 சதவீதம் பிடித்துக்கொண்டான். நான் வெளிநாட்டுக்காரன் என்று காட்டுகிற டபிள்யூ-8பென் படிவம் கொடுக்காதது என் தப்பு. வேலையை இங்கே உட்கார்ந்து செய்தால் அது அமெரிக்க வருமானம் ஆகாது என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்தார், அடுத்த மாதத்திலிருந்து முழுசாக வந்தது. பிடித்தது பிடித்ததுதான்.

தண்டையார் அண்ணனுக்கு ஒன்று: முதலில் இங்கிருந்தபடியே ஹாம்பர்க்கில் இன்னும் இரண்டு ஃபேப்ரிகேட்டரைப் பிடியுங்கள். விசா அப்புறம்.

தண்டையார்பேட்டைக்காரன்:

தேரடி தம்பி சொன்னதைத்தான் ஆறு மாதமாகச் செய்கிறேன். படிக்கட்டு, கைப்பிடி மட்டும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்று சோதனைக்கு 8 டன் கொடுத்திருக்கிறது. பழைய கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். அந்தக் கணக்கு அம்மாள்தான் முதலில் வாழ்த்து அனுப்பினார்.

45க்கு மேல் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: முதுமை ஏற்பாடு என்று எதைக் காட்டினீர்கள்? எல்ஐசி பாலிசியும் அம்மா பெயரில் இருக்கிற வீடும் எடுபடுமா?