சித்திரை மாசம், திறந்தவெளி மேடை: பட்டா, பருத்தியா?

கேள்வி (மாடக்குளத்துப் பாட்டு):
மேலூர் பக்கம் கோயில் திருவிழாவில் கச்சேரி. மாலை ஆறரைக்கு ஆரம்பம், இரண்டரை மணி நேரம். வாய்ப்பாட்டுக்கு நான், கூட வயலின், மிருதங்கம், கடம் வாசிக்கிற மூணு பேர். தகரப் பந்தல், முன்னால் சூடு கக்கும் மேடை விளக்குகள் (பார் லைட்) ஆறு. "பட்டுதான் கட்டணும்" என்கிறது விழாக் கமிட்டி. புழுக்கத்தில் முடியுமா? பக்கவாத்தியக்காரர்கள் எதைக் கவனிக்கணும்?

தெற்குமாசி அக்கா:
தூரத்திலிருந்து பார்த்தால் பட்டு மாதிரி தெரியணும், கமிட்டிக்கு அவ்வளவுதான். ஜரிகைக் கரை வைத்த சில்க் காட்டன் போதும். முதலில் கெடுவது ரவிக்கை. பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி லைனிங் கேளுங்க. அக்குளில் அரை இஞ்ச் கூடுதலாக விடச் சொல்லுங்க, தாளம் போடும்போது இழுக்காது. வெளிர் நீலம், சாம்பல் நிறத்தில் ஈரம் திட்டுத் திட்டாகத் தெரியும். அரக்கும் கருநீலமும் மறைத்துவிடும்.

சுங்குடி என்றால் புதுசை அப்படியே கட்டாதீங்க. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்க. சாயம் ஒட்டினால் மறுபடி அலசணும். கஞ்சி வேண்டாம், அசையும்போதெல்லாம் மைக்கில் சரசரக்கும். தாளக் கையில் கண்ணாடி வளையலும் வேண்டாம். பின்னால் கட்டும் ஃபிளெக்ஸ் என்ன நிறம் என்று முன்கூட்டியே கேட்டுக்குங்க. சிவப்புக்கு முன்னால் சிவப்புச் சேலை கட்டினால் வீடியோவில் முகம் மட்டும்தான் மிஞ்சும்.

தொப்பியும் வலந்தலையும்:
அக்கா சொன்னது பாட்டுக்காரங்களுக்குச் சரி. கடத்துக்குக் கணக்கே வேற. கடத்தின் வாயை வயிற்றில் அணைத்தும் விட்டும்தான் நாதத்தை மாத்துறாங்க. நடுவில் தடிச்ச ஜிப்பா வந்தால் ஒலி அமுங்கும். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டை போட்டு, கீழ்ப் பொத்தான்களைக் கழற்றி விடணும். மானாமதுரைக் கடம் நல்ல கனம், பட்டு வேட்டி மடியில் வழுக்கும். பருத்தி வேட்டியே கட்டட்டும்.

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலுக்குத் தொப்பின்னு பேர்; அதில் அப்பும் ரவை ஈரத்தோடு தெறிக்கும், பட்டில் கறையாகும். மடியில் துண்டு விரிச்சுக்கணும். சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே நிற்கணும்; வாட்ச், மோதிரம் கூடாது. வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலில் நிற்குது. இடையில் பட்டு வேட்டி மாட்டினால் கமகம் பிடிக்க (ஸ்வரத்தை அசைக்க) விரலை இழுக்கும்போதே வயலின் சறுக்கும். வேட்டியை ஒதுக்கி, வெறுங்காலில் வைக்கணும்.

வைகை வடகரை:
மேடை பிராகாரத்துக்கு உள்ளேயா வெளியேயா? சில கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றணும், அப்போ கடக்காரர் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. நாலு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம் எடுக்காதீங்க, அது ஆர்க்கெஸ்ட்ராவுக்குத்தான் அழகு. கமிட்டி 'மரபு' பேசினால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி போட்டு நாகஸ்வரம் வாசித்ததைச் சொல்லுங்க!

சுவாமி புறப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வைங்க. கூட்டம் எழுந்து அந்தப் பக்கம் திரும்பும், அந்த நேரத்தில் ராக ஆலாபனை வைக்காதீங்க. பெடஸ்டல் ஃபேனை முன்னால் வைத்தால் மைக்கில் காற்று இரையும். பின்பக்கம் ஓரமாக, இடுப்பு உயரத்துக்கு வைத்து, முந்தானையை ரெண்டு இடத்தில் பின் குத்திக்குங்க.