501 மேலே, 5001 கீழே: இதுதான் எளிய மொழியா?

ஆற்றங்கரையான்: "கணினி நிரல் எழுத ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி எளிய மொழி உண்டா" என்று நேற்று குறுக்குத்துறை எழுதியிருந்தார். நம்பி, எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வரிப் பட்டியலை அதில் போட்டேன். சார்ட் போட்டு வரிசையாக அடுக்கி, பெரிய தொகை மேலே வர ரிவர்ஸ் போட்டுத் தலைகீழாக்கினேன். பிளக்ஸில் வந்த வரிசை: 501, 5001, 101, 1001. 5001 கொடுத்த பெரியப்பா, 501 கொடுத்த பங்காளிக்குக் கீழே. இன்னும் என்னிடம் பேசவில்லை.

குறுக்குத்துறை: மொழி என்ன செய்யும் வே? சும்மா சார்ட் என்றால் எண்ணையும் எழுத்தாக்கி அகராதி வரிசையில்தான் அடுக்கும். எண்ணாகவே ஒப்பிட்டுப் பெரியதை மேலே வைக்க, 'பி கழித்தல் ஏ' என்று ஒரு ஃபங்ஷன் கொடுத்திருக்கணும். படிக்காமல் பிளக்ஸ் அடித்தது யார்?

ஆற்றங்கரையான்: எண்ணை ஏன் எழுத்தாக்கணும்? அதைச் சொல்லும்.

பேட்டைப் பையன்: "5" + 3 போட்டால் 53. "5" - 3 போட்டால் 2. கூட்டலுக்கு ஒட்டுமாம், கழித்தலுக்கு எண்ணாகுமாம். தேதி 1இல் தொடங்கும், மாதம் மட்டும் 0இல்; ஜனவரி என்றால் 0.

குறுக்குத்துறை: மாதக் கணக்கு ஜாவா என்ற வேறொரு மொழியிலிருந்து வந்த வினை. ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவமே 1995இல் பிரெண்டன் ஐக், நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் 10 நாளில் போட்டது. இப்போது மாற்றினால் பழைய பக்கமெல்லாம் படுத்துவிடும். 0.1 + 0.2 போட்டால் சரியாக 0.3 வரவில்லை என்று அடுத்து வருவீர். பைத்தான் மொழியிலும் அதே 0.30000000000000004தான்.

சாரல்: எங்கள் ஊரில் கால்நாட்டிக் கொடை முடியவே 10 நாள் ஆகும். அதற்குள் ஒரு மொழியா!

ஆற்றங்கரையான்: பைத்தானில் சார்ட் ஒழுங்காக வருகிறதே. எண்ணை ஏன் எழுத்தாக்கணும்?

குறுக்குத்துறை: ஒரே அரேயில், அதாவது பட்டியலில், எண், பேர், எது வேண்டுமானாலும் கிடக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுத்துதான் இருக்கிறது. இதுகூடப் புரியாதவரா நீர்? போன மாசம் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்று என்று மல்லுக்கு நின்றவர்தானே?

பேட்டைப் பையன்: அதே மொழியில் 'இன்ட்32அரே' என்று இன்னொரு வகை அரே எண்ணாகவே அடுக்குகிறது அண்ணாச்சி. அப்போ தெரியாமல் இல்லை, மனசில்லை.

குறுக்குத்துறை: அதில் எண் மட்டும்தான் போட முடியும் தம்பி. குறுக்கே வராதே.

சாரல்: ஒரு சந்தேகம். தலைக்கட்டுக்கு ஒரே தொகை என்றால்தானே வரி? 501, 5001 என்றால் அது நன்கொடை.

ஆற்றங்கரையான்: எங்கள் ஊரில் வரி என்றுதான் சொல்வோம். உமக்கென்ன?

சாரல்: எந்த ஊரிலும் அது வரி இல்லை.

குறுக்குத்துறை: வரியோ நன்கொடையோ, பி கழித்தல் ஏ.

ஆற்றங்கரையான்: பெரியப்பா பிளக்ஸைக் கழற்றச் சொல்கிறார். புதிதாக அடிக்கிற காசை உம்மிடம் வாங்கிக்கொள்ளவா? எண்ணை ஏன் எழுத்தாக்கணும்?