வட்டத்துக்கு ஏன் 360 டிகிரி? 100 என்று வைத்திருக்கக் கூடாதா?

கேள்வி:
மகளுக்குக் கோணமானி வைத்து அளக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீளம், எடை எல்லாம் பத்து, நூறு, ஆயிரம் என்று போகும்போது வட்டத்துக்கு மட்டும் ஏன் 360, ஒரு மணிக்கு ஏன் 60 நிமிடம் என்று கேட்டுவிட்டாள். 2.5 மணி நேரத்தை 2 மணி 50 நிமிடம் என்று எழுதி மதிப்பெண் போன கோபம் அவளுக்கு. ஆண்டுக்கு 365 நாள் என்பதால்தான் 360 என்கிறார்களே, அது சரியா?

பதில் 1:
அது பாதிக் கதைதான். விண்மீன்களுக்கு நடுவே சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்வது உண்மை. ஆனால் அறுபது அதற்கும் பழையது, இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த சுமேரியர்களும் அவர்களுக்குப் பின் பாபிலோனியர்களும் கணக்குப் போட்டதே அறுபது அறுபதாகத்தான். 60-ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 எதனால் வகுத்தாலும் மீதி வராது. நூறை மூன்றால் வகுத்தால் 33.33 என்று முடிவில்லாமல் ஓடும். களிமண் பலகையில் எழுதிக் கணக்குப் பார்த்தவருக்கு மீதி வராத எண் எவ்வளவு பெரிய நிம்மதி!

மகளிடம் காம்பஸைக் கொடுத்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அப்புறம் அதே விரிப்பை மாற்றாமல், விளிம்பில் முள்ளை ஊன்றி வெட்டிக்கொண்டே போகட்டும். சரியாக ஆறாவது வெட்டில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஒவ்வொரு துண்டும் 60 டிகிரி, ஆறு அறுபது 360.

பதில் 2:
நிமிடமும் நொடியும் முதலில் கோணத்துக்கு வந்தவை, பிறகுதான் மணிக்கும் வந்தன. 2-ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி டிகிரியை அறுபதாகவும், அதை மறுபடி அறுபதாகவும் பிரித்துக் கணக்கிட்டார். லத்தீனில் அவற்றை 'முதல் சிறு பகுதி', 'இரண்டாம் சிறு பகுதி' என்றார்கள், மினிட், செகண்ட் என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவைதான். 24 மணி மட்டும் எகிப்தியர் கொடுத்தது: பகலுக்கு 12, இரவுக்கு 12. அதனால் கோடையில் அவர்களுக்குப் பகல் மணி நீளும், இரவு மணி குறுகும்!

பதில் 3:
நூறாக மாற்றியும் பார்த்துவிட்டார்கள். 1793-ல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என்று சட்டம் போட்டது, 1795-லேயே கைவிட்டது. வட்டத்துக்கு 400 கிராடு என்ற அளவு மட்டும் நில அளவையில் தங்கிவிட்டது. பல சயின்டிபிக் கால்குலேட்டர்களில் டிகிரி, ரேடியனுக்கு அடுத்து அது இருக்கும். அதில் செங்கோணம் 100, ஆனால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 66.67 ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
காம்பஸ் வைத்துச் செய்தோம். ஆறாவது வெட்டு மயிரிழை தள்ளி விழுந்தது, பென்சிலைக் கூராக்கி மறுபடி போட்டாள், இந்த முறை சரியாக வந்து சேர்ந்தது.