பொருள்: எதிர்கால ஒப்பந்தங்களில் ‘மார்ஜின்’ முன்பணமா, பிணையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு பொருளைப் பின்னொரு நாளில் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ இன்றே செய்துகொள்ளும் எதிர்கால ஒப்பந்தங்களைப் புதிதாகக் கற்பவர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், அதில் இறங்குபவர் தொடக்கத்தில் கட்டும் தொகையான ‘மார்ஜின்’ என்பதற்கு ‘முன்பணம்’ என்று இருப்பதை மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘விளிம்புத்தொகை’யை இங்கே எவரும் வற்புறுத்தவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். முன்பணம் அப்படியல்ல, அது எல்லோருக்கும் பழகிய சொல், தவறான கணக்கை மனத்தில் பதிய வைப்பதும் அந்தப் பழக்கமே.

நிலம் வாங்க முன்பணம் கொடுத்தவர் மீதியைக் கட்ட முடியாமல் விலகினால், பெரும்பாலும் அந்தப் பணத்தோடு இழப்பு முடிந்துவிடும். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதுமே, போனால் இவ்வளவுதான் போகும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எதிர்கால ஒப்பந்தத்தில் கட்டும் மார்ஜின் விலையின் ஒரு பகுதியே அல்ல. வாங்குபவரைப் போலவே விற்பவரும் அதைக் கட்டியாக வேண்டும். விற்பவர் முன்பணம் கட்டுகிறார் என்று எழுதினால் தமிழில் அதற்குப் பொருளே இல்லை.

தங்கம், கச்சா எண்ணெய் போன்ற பண்டங்களுக்கான எம்.சி.எக்ஸ். சந்தையின் தங்க மினி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தின் அளவு, 100 கிராம். விலை 10 கிராமுக்குச் சொல்லப்படுகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 10 கிராம் 1,00,000 ரூபாய் என்றும், மார்ஜின் பத்து விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய்ப் பொறுப்பை ஏற்க இரு தரப்பும் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகின்றன. அன்றைய கணக்கை முடிக்கச் சந்தை அறிவிக்கும் தீர்வு விலை 98,500 ஆக இறங்கினால், வாங்கியவரின் கணக்கிலிருந்து 15,000 ரூபாய் எடுக்கப்பட்டு விற்றவரின் கணக்கில் சேர்க்கப்படும். ஒப்பந்தம் முடிய இன்னும் பல வாரங்கள் இருந்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள்தோறும் நடக்கும். விலை இறங்கியது ஒன்றரை விழுக்காடுதான். வாங்கியவர் கட்டிய தொகையிலோ பதினைந்து விழுக்காடு ஒரே நாளில் போய்விட்டது. புதியவர் முதலில் உணர வேண்டியது இந்தப் பெருக்கத்தைத்தான்.

இழப்பு மார்ஜினோடு நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் மே மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில், அதாவது விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுக்கும் விலையில், தீர்ந்தது. அதையொட்டி எம்.சி.எக்ஸ். தன் ஏப்ரல் ஒப்பந்தத்தை மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்த்தது. ஊரடங்கினால் வணிக நேரம் குறைக்கப்பட்டு இங்கே சந்தை மாலை 5 மணிக்கே மூடிவிட்டதால், இரவில் விலை சரிந்தபோது விற்று வெளியேற வழியில்லை. பீப்பாய் 1,000 ரூபாய் என்று ஒரு லாட், அதாவது 100 பீப்பாய், வாங்கி வைத்திருந்தவருக்கு இழப்பு 3,88,400 ரூபாய். அவர் வாங்கிய சரக்கின் முழு மதிப்பே ஒரு லட்சம்தான். இவரிடம் போய் நீங்கள் கட்டியது முன்பணம் என்று சொல்ல முடியுமா?

மார்ஜின் என்பது வாக்குத் தவறமாட்டேன் என்பதற்காக, இரு தரப்புக்கும் நடுவே நின்று கணக்கைத் தீர்க்கும் தீர்வகத்திடம் வைக்கும் ஈடு. சிகாகோவின் எதிர்கால ஒப்பந்தச் சந்தையினரே அதை ‘பெர்ஃபார்மன்ஸ் பாண்ட்’, அதாவது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதி, என்றுதான் குறிப்பிடுகிறார்கள். எனவே ‘பிணைத்தொகை’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

*

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பணத்தை நீக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘பிணைத்தொகை’யை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். நீதிமன்றச் செய்திகளில் அது ஜாமீன் தொகை. நிதித்துறையிலோ ‘பிணையங்கள்’ என்றால் பங்குகளும் கடன் பத்திரங்களும். போதாக்குறைக்கு, கையிலிருக்கும் பங்குகளை அடகு வைத்தே மார்ஜினின் ஒரு பகுதியைக் காட்டலாம் என்பதால், “பிணையங்களைப் பிணைத்தொகையாக வைத்தல்” என்று எழுத நேரும். படிப்பவர் பாவம்.

இன்னொன்றும் உண்டு. தரகர் கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைக்கும் ஏற்பாட்டிலும் மார்ஜின் என்றே சொல்கிறார்கள். அங்கே அது உண்மையிலேயே விலையில் நம் பங்கு; மீதி தரகரின் கடன், அதற்கு வட்டியும் உண்டு. எதிர்கால ஒப்பந்தத்து மார்ஜினில் அப்படி ஒரு கடன் இல்லை. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால், ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தைச் சிரமப்பட்டுத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களாவோம். ‘ஒப்பந்தப் பிணை’ என்று சேர்த்துச் சொன்னால் என்ன?

*

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

‘ஒப்பந்தப் பிணை’ என் சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறது, ஏற்கிறேன். கடனில் பங்கு வாங்கும்போது நாம் போடும் தொகைக்கு ‘கைப்பங்கு’ என்று தனிச்சொல் வைத்துவிடலாம். தரகர் அலுவலகத்தில் ‘மார்ஜின்’ என்றே பேசுவார்கள், அதை நாம் தடுக்க வேண்டியதில்லை. பட்டியலில் அதையும் பேச்சு வழக்கு என்று குறித்துவிடலாம்.

நாள்தோறும் ஆதாயத்தையும் இழப்பையும் தீர்ப்பதற்கு ‘அன்றாடத் தீர்வு’ போதும். இந்த இழப்பை ரொக்கமாகவே கட்ட வேண்டும், அடகு வைத்த பங்குகள் இதற்கு உதவா என்ற குறிப்பை அந்தச் சொல்லின் கீழேயே எழுதிவிட வேண்டும். பங்கு இருக்கிறதே என்ற தைரியத்தில் இறங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிணை குறையும்போது தரகர் பணம் கேட்டு விடுக்கும் அறிவிப்புக்கு இப்போதைக்கு ‘பிணை நிரப்பக் கோரல்’ என்று எழுதியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கிறது, இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.