மேல் கட்டையிலிருந்து கீழ்க் கட்டை வரை

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்த புதிதில், செல்லோ (வயலினின் பெரிய அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம்) கச்சேரி என்று நம்பி ஒரு சின்ன அரங்குக்குப் போனேன். வாசித்தவர் உட்கார்ந்தார், செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார், வில்லை எடுத்தார். ஸ்வரம் மட்டும் வரவில்லை. விரல்களால் தந்தியைத் தடவிக்கொண்டே போனார். ஸ்ஸ் என்று மூச்சு மாதிரி ஓர் ஓசை. அப்புறம் வில்லைத் தந்தியில் வைத்து அழுத்தினார். எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல ஒரு கரகரப்பு. எனக்கு முன்வரிசையில் ஒருவர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நானும் போயிருப்பேன், நடுவில் மாட்டிக்கொண்டேன்.

நல்லவேளை. நடுவே ஓரிடத்தில் வழக்கமான, நீளமான ஒரே ஒரு நாதம் வந்தது. அதுவரை அந்த உரசல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அவ்வளவு அந்நியமாக இருந்தது. செல்லோ என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று யாரோ அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி.

அந்தப் படைப்பின் பெயர் ‘பிரெஸியோன்’, அழுத்தம் என்று பொருள். ஹெல்முட் லாஹென்மன் என்ற இசையமைப்பாளர் 1969இல் எழுதியது. எந்த ஸ்வரம் கேட்கவேண்டும் என்பதைவிடக் கை எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் நகரவேண்டும் என்பதைத்தான் அதன் தாள்கள் சொல்கின்றன.

மனிதர் இந்த ஊர்க்காரர்தான். 1935இல் இங்கே பிறந்தார், அப்பா பாதிரியார். 1957இல் டார்ம்ஷ்டாட் கோடைப் பயிலரங்கில் இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவைச் சந்தித்து, அவர் பின்னாலேயே வெனிஸுக்குப் போய் இரண்டு வருடம் படித்தார். பிரான்ஸில் ஷெஃபர் என்பவர் ரயில் சத்தத்தையெல்லாம் பதிவுசெய்து ஒட்டி இசையாக்கினார். லாஹென்மன் ஒலிப்பதிவைத் தள்ளிவைத்துவிட்டு, அதே காதோடு வயலினையும் செல்லோவையும் அணுகினார். ஓர் ஓசை எந்த உழைப்பில், எந்த உராய்வில் பிறக்கிறது என்பதுதான் அவருக்கு விஷயம். 1981 முதல் 1999 வரை இங்குள்ள இசைக் கல்லூரியில் பேராசிரியர்.

அவருடைய ஓபரா (இசை நாடகம்) ‘தீக்குச்சிச் சிறுமி’ 1997இல் ஹாம்பர்க்கில் அரங்கேறியது. குளிரில் தெருவில் தீக்குச்சி விற்கும் ஏழைச் சிறுமியைப் பற்றிய ஆண்டர்சனின் கதைதான். பதிவில் கேட்டபோது எனக்குத் தோன்றியது: வாழ்நாள் முழுக்க உரசலையே எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்! குளிர், நடுக்கம், குச்சி கிழிக்கும் ஒலி, எல்லாம் ஏற்கெனவே அவர் கைவசம் இருந்தவை. நடுவில் குட்ருன் என்ஸ்லினின் சிறைக் கடிதத்தையும் சேர்த்திருக்கிறார். 1968இல் பிராங்க்ஃபர்ட்டில் கடைகளுக்குத் தீ வைத்தவர்களில் ஒருவர். அவரும் பாதிரியார் மகள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இவரை எனக்கு உண்மையில் புரியவைத்தது என் மகள். அவளுக்கு எட்டு வயது. பியானோ டீச்சர் ‘குழந்தை விளையாட்டு’ என்ற தொகுப்பின் முதல் துண்டைக் கொடுத்தார். 1980இல் லாஹென்மன் எழுதிய ஏழு சிறு துண்டுகளில் ஒன்று. ‘ஹென்ஷன் க்ளைன்’ இங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு. அதன் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். பியானோவின் கடைசி மேல் கட்டையில் தொடங்கி, வெள்ளை கறுப்பு விடாமல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கவேண்டும்.

மேலே உள்ளிருக்கும் சுத்தியல் மோதும் டொக் டொக் மட்டும்தான் கேட்கிறது. இறங்க இறங்க மணியாகிறது, அப்புறம் குரலாகிறது, கடைசியில் வயிற்றில் உறுமுகிறது. கைக்கு எட்டாதபோது அவள் பெஞ்சிலேயே நகர்ந்து நகர்ந்து போனாள். பத்து வருடமாக வீட்டில் இருக்கும் பியானோவை நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

இதை இரண்டு வாரம் தினமும் வாசித்தாள். ஒருநாள் படிக்கட்டில் கீழ்வீட்டுப் பாட்டி நிறுத்தி, பியானோ ரிப்பேரா, சுருதி சேர்க்க ஆள் வருகிறாரா என்று கேட்டார். என் மகளுக்குக் கோபம். “அது ஹென்ஷன் க்ளைன்!” என்றாள். பாட்டி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு படிக்கட்டுக் கைப்பிடியில் மோதிர விரலால் தட்டிப் பார்த்தார்: டக் டக் டாக், டக் டக் டாக்.

“அட, ஆமாம்” என்றார்.