வெளிநாட்டிலிருந்து இவ்வளவு பணம் வருகிறது, அப்புறம் ஏன் கணக்கில் மைனஸ்?

ஊர்க்குருவி:
குரூப் 2க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேசிய வருமானம் பாடத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு வெளிநாட்டிலிருந்து ஈட்டிய நிகர வருமானத்தைக் கூட்டினால் மொத்த தேசிய வருமானம், இதுவரை சரி. ஆனால் இந்தியாவுக்கு அந்த நிகர வருமானம் மைனஸ் என்கிறார் வகுப்பெடுக்கும் சார். உலக வங்கி வரைபடத்தைத் திறந்து பார்த்தால் நடுத்தர வருமான நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கோடும் பல வருடங்களாகப் பூஜ்யத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. எங்கள் ஊர் கீழக்கரைப் பக்கம். அண்ணன் 9 வருடமாக ஷார்ஜாவில் இருக்கிறான், எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளியேதான் இருக்கிறார். உலகத்திலேயே அதிகமாக வெளிநாட்டுப் பணம் வருகிற நாடு இந்தியா என்று அதே பாடத்தில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? சாரிடம் கேட்டால் "பரீட்சைக்கு மைனஸ்னு எழுது, போதும்" என்கிறார்.

பேரேடு:
சார் சொன்னது சரிதான், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்கள் அண்ணன் அனுப்புகிற பணம் இந்தக் கணக்கிலேயே வராது. ஒருவர் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் தங்கி வேலை பார்த்தால், பாஸ்போர்ட் என்ன நிறமாக இருந்தாலும் அவர் பொருளாதாரக் கணக்குக்கு அந்த நாட்டுவாசி. அதனால் அண்ணனின் சம்பளம் அமீரகத்தின் வருமானம். அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவது ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு எதையும் பதிலுக்கு வாங்காமல் கொடுத்தது மாதிரி, அதற்குப் பெயர் மாற்றுப் பணம் (டிரான்ஸ்ஃபர்), அது இரண்டாம் நிலை வருமானம் என்கிற தனிப் பத்தியில் ஏறும். சார் சொன்ன மைனஸ் முதல் நிலை வருமானத்தில். அங்கே வருவது வட்டி, ஈவுத்தொகை, லாபம், கொஞ்சம் சம்பளம், அவ்வளவுதான்.

அளவு தெரிந்துகொள்ளுங்கள். 2023-24ல் இந்தியாவுக்கு மாற்றுப் பணமாக வந்தது கிட்டத்தட்ட 12,000 கோடி டாலர். முதல் நிலை வருமானத்தில் வந்தது போக நிகரமாக வெளியே போனது 5,000 கோடி டாலரை ஒட்டி. வாங்கிய கடனுக்கு வட்டி, இங்கே பங்கு வாங்கியவர்களுக்கு ஈவுத்தொகை, இங்கே ஆலை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் லாபம், எல்லாம் சேர்ந்தது அது. உற்பத்தியில் ஒன்றரை சதவீதம் கூட வராது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு கூத்து இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நூறு ரூபாய் லாபம் பார்த்து, அதை வெளியே அனுப்பாமல் அதே ஆலையில் புது ஷெட் போடுகிறது என்று வையுங்கள். பணம் நம் ஊரைத் தாண்டவே இல்லை. ஆனாலும் கணக்கில் அது முதலில் வெளியே போன லாபம், பிறகு திரும்பி உள்ளே வந்த முதலீடு. ஆக மைனஸ் என்று எழுதியதெல்லாம் விமானம் ஏறிப் போன பணம் என்று நினைக்காதீர்கள்.

கப்பல்காரன்:
இந்த விஷயத்தில் நான் ஒரு விசித்திரப் பிராணி. வெளிநாட்டுக் கம்பெனியின் வணிகக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். காண்டிராக்ட் 6 மாதம், சில நேரம் இழுத்து 8 மாதம். வருமான வரிக்கு நான் என்ஆர்ஐ, அதற்காக வருடத்தில் 184 நாள் வெளியே இருந்தேனா என்று பாஸ்போர்ட் முத்திரைகளை உட்கார்ந்து எண்ணுவேன், ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. ஆனால் பேரேடு அண்ணன் சொல்கிற கணக்கில் கப்பல் சிப்பந்தி எத்தனை நாள் கடலில் கிடந்தாலும் வீடு இருக்கிற நாட்டுவாசிதான். அதனால் என் சம்பளம் முழுசாக இந்தியாவின் முதல் நிலை வருமானம்! அலாட்மெண்ட் என்று மாதாமாதம் வீட்டுக்குப் போகிறதே அது மட்டுமில்லை, சிங்கப்பூரில் இறங்கி நான் செலவழித்ததும் சேர்த்து. அந்தப் பத்தியில் பிளஸ் பக்கம் நிற்கிற சொற்ப ஆட்களில் நானும் ஒருவன், மரியாதை கொடுங்கள் தம்பி.

எங்கள் கப்பலில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். போசன் (மேல்தளச் சிப்பந்திகளின் தலைவர்) ஒருவர் சொல்வார், அவர் அப்பா காலத்தில், அதிபர் மார்கோஸ் ஆட்சியில், 1982ல் ஒரு உத்தரவு போட்டார்களாம், கடலோடிகள் சம்பளத்தில் 80 சதவீதத்தை வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று. அனுப்பின ரசீது இல்லையென்றால் பாஸ்போர்ட் புதுப்பித்துத் தர மாட்டார்கள். சில வருடத்தில் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு. கேட்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

பேரேடு:
நல்லவேளை பிலிப்பைன்ஸை இழுத்தீர்கள். நடுத்தர வருமான நாடு எல்லாமே மைனஸ் இல்லை என்பதற்கு அதுதான் உதாரணம். அவர்கள் தேசியக் கணக்கில் வெளிநாட்டில் ஒப்பந்தத்துக்குப் போயிருக்கும் தொழிலாளர்களைத் தங்கள் நாட்டுவாசிகளாகவே வைத்துக்கொள்கிறார்கள், அவர்கள் சம்பளம் முதல் நிலையில் ஏறுகிறது. விளைவாக அவர்களுடைய தேசிய வருமானம் உள்நாட்டு உற்பத்தியைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம். கொரோனா வந்து ஆட்கள் திரும்பிய 2020, 2021ல் அந்த இடைவெளி சடாரென்று சுருங்கி, பிறகு மறுபடி விரிந்தது. நம் கீழக்கரை ஆட்களை அந்த முறையில் எண்ணினால் நம் மைனஸின் கதையே மாறிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது, ஏனென்றால் ஒரு நாடு ஏழையா நடுத்தரமா என்று உலக வங்கி பிரிப்பதே தலைக்கு எவ்வளவு தேசிய வருமானம் என்பதை வைத்துத்தான், உள்நாட்டு உற்பத்தியை வைத்து இல்லை.

தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கிற லெசோதோவைப் பாருங்கள். 1980களின் கடைசியில் லட்சம் பேருக்கு மேல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள், வெளி வருமானம் உள்நாட்டில் விளைந்ததோடு போட்டி போட்டது. 90களில் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தன, பிளஸ் கரைந்துகொண்டே வந்தது. வேறு நாட்டு முதலாளி எடுத்த முடிவு, இவர்கள் வரைபடம் சரிந்தது.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மைனஸ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று பேரேடு அண்ணை லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார், எங்கட பக்கம் வந்து பாருங்கோ. இலங்கைக்குத் தலைவருமானம் கூடக் கூட சலுகை வட்டிக் கடன் குறைந்தது. 2007ல் முதல் தடவையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலர் பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்றார்கள், வட்டி 8.25 வீதம். பிறகு அதே வழக்கமாகப் போனது. முதல் நிலை வருமானக் கணக்கின் மைனஸ் அப்படித்தான் வளர்ந்தது, எங்கட ஆட்கள் சவூதியிலும் கத்தாரிலும் உழைத்து அனுப்பின காசுதான் அதை மூடிக்கொண்டிருந்தது. 2020ல் வந்தது சுமார் 710 கோடி டாலர். அதற்குப் பிறகு வங்கியில் டாலருக்கு 200 ரூபா என்று கட்டி வைத்தார்கள், உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு அனுப்புகிற ஹவாலாவில், 240, 250 கிடைத்தது. யார் வங்கிக்குப் போவான்? என் மாமி மகன் தோஹாவிலிருந்து அனுப்பினால் முன்பு வங்கிப் புத்தகத்தில் பதிந்து வரும், அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து படலையில் நின்று கையில் எண்ணித் தந்துவிட்டுப் போவார். காசு ஊருக்கு வந்தது, டாலர் வரவில்லை. 2022ல் வங்கி வழி வந்தது 380 கோடிக்கு இறங்கியது, அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தினார்கள். நிறுத்தினாலும் வட்டி கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது, கட்ட வேண்டிய வட்டியும் கணக்குக்கு வட்டிதான்.

ஊர்க்குருவி:
இப்போதுதான் புரிகிறது, எல்லாருக்கும் நன்றி. கடன் வாங்கின நாடு மைனஸ், சரி. ஆனால் அதே வரைபடத்தில் சீனாவும் மைனஸ் காட்டுகிறதே, அவர்கள் கடன் கொடுக்கிற ஆட்கள் இல்லையா?

பேரேடு:
கொடுக்கிற ஆட்கள்தான். வெளியே அவர்களுக்கு வர வேண்டியது, கொடுக்க வேண்டியதைவிட மிக அதிகம். ஆனால் 3 லட்சம் கோடி டாலருக்கு மேல் அந்நியச் செலாவணிக் கையிருப்பாக, பெரும்பகுதி அமெரிக்கக் கடன் பத்திரம் மாதிரி சொற்ப வட்டிச் சரக்கில் கிடக்கிறது. சீனாவுக்குள் ஆலை போட்ட வெளிநாட்டுக் கம்பெனிகளோ கொழுத்த லாபம் பார்க்கின்றன. அஞ்சலகச் சேமிப்பில் லட்ச ரூபாயைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரருக்கு நம் வீட்டு வாசலைப் பங்குக்கு விட்டது மாதிரி. கணக்கு புத்தகத்தில் பணக்காரர், மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். அமெரிக்கா இதற்கு நேரெதிர், உலகிலேயே பெரிய கடனாளியாக இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கில் பிளஸ் காட்டியது. நம் ரிசர்வ் வங்கியும் 60,000 கோடி டாலருக்கு மேலான கையிருப்பில் பெரும்பகுதியை அதே வகைச் சரக்கில்தான் வைத்திருக்கிறது. 1991ல் டாலர் தட்டுப்பாட்டில் செய்த மாதிரி தங்கத்தை விமானத்தில் ஏற்றி அடகு வைக்கும் நிலை இனி வேண்டாம் என்பதற்காகக் கொடுக்கிற விலை அது, என்னைக் கேட்டால் கொடுக்கலாம்.

ஊர்க்குருவி:
கடைசியாக ஒன்று, கப்பல் அண்ணா. இந்தியக் கம்பெனி கப்பலில் ஏறினால் உங்கள் சம்பளம்?

கப்பல்காரன்:
அப்போது அது வெறும் உள்நாட்டுச் சம்பளம் தம்பி. கப்பல் பிரேசில் பக்கம் நின்றாலும், பனாமா கொடி பறந்தாலும் அப்படித்தான், கப்பலை ஓட்டுகிற கம்பெனி எந்த நாட்டுது என்பதுதான் கேள்வி. 3 வருடம் அப்படி ஓட்டினேன், அந்த 3 வருடமும் நான் பிளஸ் இல்லை.