டாக்டராகணும்னு சொல்ற பிள்ளைகளிடம் எதைக் கேட்டுப் பார்ப்பது?

கேள்வி: கடலூர் உயிரியல் ஆசிரியர்

வணக்கம். கடலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். டாக்டராகணும்னு சொல்லும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "சேவை செய்யணும் சார்." மனசார சொல்றாங்க, ஆனால் அந்தச் சேவை என்ன வேலைன்னு அவங்களுக்கே பிடிபடலை. நீட்டில் நேர்முகத் தேர்வு கிடையாது. 180 கேள்வி, 720 மார்க், அதோடு முடிஞ்சது. ஏன் இந்தப் படிப்புன்னு இனி யாரும் கேட்கப் போவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கக்கூடிய பிள்ளைகளும் இருக்காங்க. எப்படிக் கேட்கலாம், நேரில் எதைக் காட்டலாம்? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்க.

பதில்: ஓ.பி. சீட்டு

சார், "ஏன்"னு கேட்டா கட்டுரைதான் வரும். "எந்த வேலையைச் செய்ய ஆசை"ன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பிள்ளைகள் மனசில் இருப்பது ஆபரேஷன் தியேட்டரும் உயிரைக் காப்பாத்துறதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை ஓ.பி.யைப் பார்த்தா சுகர், பிரஷர், முட்டிவலி, காய்ச்சல், சளி. அதே ஆள் அடுத்த மாசமும் அதே மாத்திரைக்கு வருவார்.

ஓர் உதாரணம் காட்டுங்க. பண்ருட்டி முந்திரிக்காட்டில் வெறுங்காலோட வேலை செய்யும் அம்மாவுக்குப் பல வருஷமா சுகர். "கால்ல ஒண்ணும் இல்லை சார்"ன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா உணர்ச்சியே போயிருக்கும். டாக்டர் ரெண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும், குதிகால் வெடிப்பையும் பார்க்கணும். அப்புறம் அவங்களைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு சொல்ற நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வளையுற அளவுக்கு அழுத்தி, "இப்ப தெரியுதா?"ன்னு கேட்கணும். தடிச்ச தோல் மேல வைக்கக்கூடாது, அங்கே நல்ல காலுக்கே தெரியாது. வரிசையில் கூட்டம் நிக்கிறப்போ முதலில் விட்டுப்போவது இந்தப் பரிசோதனைதான். விட்டா, முள் குத்தினது தெரியாம புண்ணாகி, சீழ் வெச்சு, விரலை எடுக்குற நிலைமைக்கு வந்து நிக்கும். இதை யாரும் கைதட்டிப் பாராட்ட மாட்டாங்க. ஆனா அந்தக் கால் தப்பிச்சது இந்தச் சின்ன வேலையால்தான். இந்த இடத்தைக் கேட்டுக் கண் விரியுற பிள்ளையை விட்டுடாதீங்க.

டி.பி.யும் அப்படித்தான். சாதாரண டி.பி.க்கு 6 மாச மருந்து: முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு. ரெண்டாவது மாசத்திலேயே இருமல் நின்னு உடம்பும் தேறிடும், அங்கேதான் மாத்திரையை நிறுத்துறாங்க. கடலுக்குப் போறவங்க, செங்கல் சூளைக்கு ஊர் மாறிப் போறவங்கன்னா இன்னும் கஷ்டம். எங்கே போறாங்கன்னு முன்கூட்டியே கேட்டு வெச்சாத்தான் மருந்து விடாம போய்ச் சேரும். அரசு மாசம் 1000 ரூபாய் சத்துணவுக்குத் தருது, ஆனா வங்கிக் கணக்கு விவரம் சரியா ஏறலைன்னா அது போய்ச் சேராது. அதை விசாரிப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

பதில்: வார்டு சிஸ்டர்

ஆசிரியர் ஐயா, "நோயாளி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கணும்"னு சொல்ற பிள்ளையிடம் நர்சிங் பற்றியும் பேசுங்க. பக்கவாதத்தில் படுத்தவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, முதுகின் அடிப்பக்கம், இடுப்பு எலும்பு, குதிகால் சிவந்திருக்கான்னு பார்ப்பது, அழுத்தினாலும் சிவப்பு மறையலைன்னா உடனே சொல்வது, எல்லாம் எங்க கையில் இருக்கு. ராத்திரி ஒரு ஷிஃப்ட் தவறினால் படுக்கைப்புண் தொடங்கிடும். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். மார்க் குறைஞ்சவங்களுக்குப் போடுற படிப்புன்னு வகுப்பில் சொல்லிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

பதில்: கோரிமேடு

டாக்டர் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் எங்கே உடைஞ்சு போறாங்கன்னு சொல்றேன். முதல் வருஷத்தில். அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. சேவை செய்ய வந்த பிள்ளைக்கு முன்னால் இருப்பது பிணமும் ஆங்கிலப் புத்தகமும். தமிழ் வழியில் படிச்ச பிள்ளைக்குப் பாடம் புரியும், பக்கம் நகராது. தேர்வு முடிஞ்ச விடுமுறையிலேயே தினம் ரெண்டு பக்கம் ஆங்கிலத்தில் உயிரியல் படிக்க வையுங்க. முதல் வருஷத் தேர்வை 4 முயற்சிக்குள் முடிக்கணும்னு விதி இருக்கு. படிப்பு நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி 1 வருஷம், பி.ஜி. போனால் இன்னொரு 3 வருஷம். நண்பர்கள் சம்பாதிக்கிற வயசிலும் இவங்க படிச்சுட்டுத்தான் இருப்பாங்க. இதை வீட்டுக்கும் சொல்லணும்.

பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கு: புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை சிகிச்சை பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். முகாமில் கண்புரைன்னு சொல்லியும் பலர் ஆபரேஷனுக்கு வரலை. கட்டணம் மட்டும் காரணமில்லை: பஸ் செலவு, சாப்பாடு, கூட வர்றவரோட அன்றைய கூலி. முகாமிலிருந்தே வண்டி, தங்க இடம், சாப்பாடுன்னு ஏற்பாடு செஞ்சப்போ வரத் தொடங்கினாங்க. இரக்கம் அவரிடம் நிறையவே இருந்தது. நோயாளி ஏன் வரலைன்னு தேடிக் கண்டுபிடிச்சதுதான் அந்த இரக்கத்துக்கு வழி போட்டது.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். மரியாதை, சம்பளம், வீட்டு ஆசை இதெல்லாம் காரணமா இருந்தால் தப்பா? சுகாதார நிலையத்துக்கு அழைச்சிட்டுப் போக என்ன நடைமுறை?

பதில்: ஓ.பி. சீட்டு

சம்பளம் தப்பே இல்லை சார், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும்னு படிக்கிற பிள்ளை நிலைச்சு நிற்கும். "எல்லாரும் கும்பிடுவாங்க"ன்னு வர்ற பிள்ளையைத்தான் பக்கத்தில் உட்கார வெச்சுப் பேசணும். கேஷுவாலிட்டியில் ராத்திரி உறவுக்காரங்க சத்தம் போடுவாங்க, நல்லா வைத்தியம் பார்த்தும் சிலர் இறந்துபோவாங்க. நன்றியை நம்பி வந்த மனசு அங்கே கசந்துபோகும்.

7.5 சதவீதத்துக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாடு அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. எல்லைப்பக்கப் பிள்ளைகள் புதுச்சேரியில் சேர்ந்த பாகூர், கன்னியகோவில் பள்ளியில் இடையில் படிச்சிருந்தா அந்த வருஷமும் சேராது. படிச்ச ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழை இப்பவே வாங்கச் சொல்லுங்க.

அழைச்சிட்டு வர, தலைமையாசிரியர் மூலமா வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுதுங்க, பெற்றோர் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து. ஒரு தடவைக்கு நாலைஞ்சு பேர் போதும். தொற்றா நோய்ப் பிரிவிலும் மருந்து கொடுக்கிற இடத்திலும் உட்கார வைக்கலாம். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்னைக்குக் கிராம சுகாதார செவிலியரோட துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். பிரசவ அறை வேண்டாம், நோயாளியைப் பரிசோதிக்கிற இடத்துக்குள்ளேயும் வேண்டாம். செல்போனைப் பள்ளியிலேயே வாங்கி வெச்சிடுங்க. திரும்பினதும் கட்டுரை எழுதச் சொல்லாதீங்க. "இன்னைக்கு வந்தவங்கள்ல யாருக்கு என்ன குறை, அது ஏன் தீரலை"ன்னு மட்டும் கேளுங்க.